மதுரை வட்டாரத்தில் இறுதிக்கால நோய்த்தணிப்பு அறப்பணி

இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவம் முடிவுசெய்துவிட்ட ஒருவருக்கு வலி, மூச்சுத்திணறல், குமட்டல், ஆறாத புண், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் குறைத்து, இருக்கும் நாள்களைத் தாங்கக்கூடியவையாக ஆக்குவது நோய்த்தணிப்புச் சிகிச்சை. இதற்கென்றே படுக்கைகளும் செவிலியர்களும் வைத்து நடத்தப்படும் இடத்தை ஹாஸ்பிஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் ‘வலி நிவாரண மையம்’, ‘நோய்த்தணிப்பு மையம்’ என்ற பலகைகளுடன், அறக்கட்டளைகளின் பெயரில், கட்டணமில்லாமல் நடக்கின்றன. புற்றுநோயாளிகளே இங்கு அதிகம் வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கவனிப்பு தேவைப்படுகிறது.

மதுரைக்குத் தர்மம் புதிதல்ல. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், கண் சிகிச்சை என்று எதிலும் இந்த ஊர் பின்தங்கியதில்லை. சாகப்போகிறவருக்கான ஏற்பாடு மட்டும் மிகத் தாமதமாக, ஏறக்குறைய நம் கண்ணெதிரே, 21ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஊராருக்கு மனமில்லாமல் போனதால் வந்த தாமதம் அல்ல இது. வலியைக் கட்டுப்படுத்தும் மருந்து கிடைக்கவில்லை. ‘நாங்கள் வைத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் இடமும் இல்லை. இக்கட்டுரை அந்த இரண்டு இல்லாமைகளின் வரலாற்றைப் பின்தொடர்கிறது.

பழைய அறங்கள்

மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி முதலிய குன்றுகளில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. மாங்குளத்துத் தமிழி எழுத்துகள் கிறிஸ்துவுக்கு முந்தையவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் அங்கே வருகிறது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் தானமாகத் தருவது சமண அறம். இதை வைத்து, அந்தக் கற்படுக்கைகளே தமிழகத்தின் முதல் மருத்துவமனைகள் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கலாம். அவ்வளவு தூரம் போகச் சான்று இல்லை. படுக்கைகள் துறவிகளுக்காக வெட்டப்பட்டவை; நோயாளிகள் அவற்றில் கிடந்ததாகக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனையை இந்தக் குன்றுகளோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. அது துறவி தானே தேர்ந்துகொள்ளும் முடிவு; புற்று வைத்த குடியானவருக்கு அதில் இடமில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் அமுதசுரபியைப் பெறுவது மதுரையில்தான். பார்வையற்றோர், கால் முடங்கியோர், நோயில் நடுங்குவோர், பேணுவார் இல்லாதோர் என்று அவன் அழைத்துச் சோறிடும் கூட்டம், இன்றைய ஹாஸ்பிஸ் ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டோடு பெருமளவு ஒத்துப்போகும். ஆனால் அவன் கையில் இருந்தது சோறு, மருந்தல்ல. நோயாளிகளுக்கென்று படுக்கை போட்ட இடத்துக்குத் திட்டமான ஆவணம் வேண்டுமென்றால் வடக்கே போகவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் எனச் சம்பளக் கணக்கோடு அது எழுதப்பட்டிருக்கிறது. நாயக்கர் காலத்து மதுரையில் அறத்தின் வடிவம் சத்திரமாகிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் பெயர் தாங்கி நிற்கும் மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கருக்கானது. யாத்திரை வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தவர்கள் சத்திரத் திண்ணைகளில் இருந்திருப்பார்கள்தான். அவர்களுக்கான ஏற்பாடு அதுவல்ல.

வீட்டில் சாவது

இதற்கெல்லாம் அவசியமே இல்லாதபடி வீடு இருந்தது என்பது ஒரு வாதம். பாதி உண்மை. வைகைக் கரை ஊர்களில் கிழவர் படுத்துவிட்டால் கட்டில் திண்ணைக்கோ தாழ்வாரத்துக்கோ வரும். பேரன் பேத்திகள் சுற்றி விளையாடுவார்கள். உறவுமுறையெல்லாம் வந்து வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்றிப் போகும். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், ‘மண்ணாசை’ என்று அவர் உழுத காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். ‘பொன்னாசை’ என்று தங்கத்தை உரசிக் கொடுப்பார்கள். போகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார் என்று வீட்டாரை யோசிக்க வைத்த சடங்கு இது. மனநல ஆலோசகர் இன்று கேள்வி கேட்டுச் செய்வதை, அந்த வீடுகள் ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டு செய்து பார்த்தன.

மூப்பினால் மெல்ல அணையும் உயிருக்கு இந்த ஏற்பாடு போதும். வாய்ப்புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் போதாது. மதுரையைச் சுற்றிய சமவெளிகளில் இந்த இரண்டும் அதிகம். வெற்றிலை புகையிலை போட்டுப் பழகிய வாய். பரிசோதனைக்கே போகாத உடம்பு. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் புண்ணில் ஈ மொய்க்கும். வாடை வீட்டுக்குள் தங்கவிடாது. கட்டில் திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். சாப்பாட்டுத் தட்டு தள்ளி வைக்கப்படும். பாசம் வற்றிவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லிவிடலாம்; அந்த வாடையை நிறுத்தும் வழி தெரிந்த யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை என்பதே சரி.

இந்த இடத்தில் தலைக்கூத்தலைப் பேசாமல் நகர முடியாது. மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் விருதுநகர், தேனிப் பக்கங்களில், எழ முடியாமல் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை விரைவுபடுத்தும் வழக்கம் அது. ஊரறிய, சில இடங்களில் உறவினரைக் கூட்டியே நடந்தது. 2010இல் விருதுநகர் மாவட்டச் செய்தி ஒன்றின் வழியாக நாடு முழுவதும் பேசப்பட்டது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ இதைக் கதையாக்கி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 2023இல் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. சட்டத்தின் கண்ணில் இந்த வழக்கம் கொலை. சொத்துக்காகச் செய்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஊர்களில் பேசிப் பார்த்த யாருக்கும் இன்னொரு குரலும் கேட்டிருக்கும்: ‘கெடந்து சீரழியுறதுக்கு...’ என்று தொடங்கி முடியாமல் நிற்கும் குரல். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டவும் வலியை அடக்கவும் ஆள் வந்திருந்தால் அந்த வாக்கியங்களில் சில தொடங்கியே இருக்காது. நோய்த்தணிப்பு இயக்கத்தை இந்த வட்டாரத்தில் பேசுபவர்கள் கேரளத்தையும் லண்டனையும் சொல்லுமளவுக்குத் தலைக்கூத்தலைச் சொல்வதில்லை. சொல்லவேண்டும். இந்த மண்ணில் அதன் தேவைக்கு இதைவிடக் கசப்பான சாட்சி இல்லை.

நகரத்தில் சிக்கல் வேறு. செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ ஒண்டுக் குடித்தனத்தில், ஒரே அறையில் அடுப்பும் கட்டிலும். வாடகை வீட்டில் சாவு விழுவதை வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. நாள் நெருங்கியது தெரிந்ததும் ‘சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க’ என்பார்கள். மாதச் சம்பளத்துக்கோ தினக்கூலிக்கோ போகும் மகனும் மருமகளும் பகல் முழுக்க வெளியே. கிராமத்து வீடு விற்றாகிவிட்டது. படுக்கை வசதியுள்ள இல்லம் என்ற தேவை பிறந்தது இந்தக் குடித்தனங்களில்தான்.

மிஷன் மருத்துவமனை முதல் எச்ஐவி வரை

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மதுரை மிஷன், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நவீன மருத்துவமனைகளை இங்கே நிறுத்திவிட்டது. எர்ஸ்கின் மருத்துவமனை என்று தொடங்கிப் பின்னர் இராஜாஜி பெயரைத் தாங்கிய ‘பெரியாஸ்பத்திரி’யும், 1954இல் வந்த மதுரை மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்டங்கள் அத்தனைக்கும் கடைசிப் புகலிடமாயின. ஆனால் மருத்துவமனை என்பதன் கணக்கே வேறு: வந்தவர் குணமாகிப் போகவேண்டும், அடுத்தவருக்குக் கட்டில் காலியாகவேண்டும். குணமாகாதவருக்கு அந்தக் கணக்கில் ஒரே வாசகம்தான், ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.’

விதிவிலக்காக, நெடுநாள் நோயாளிகளை வைத்துக்கொண்ட இடங்கள் இரண்டு வகை. ஒன்று, தொழுநோய் இல்லங்கள். மானாமதுரை தயாபுரம் அவற்றில் பெயர்பெற்றது. மற்றொன்று, காசநோய் சானடோரியம். மதுரைக்குத் தோப்பூர் ஆஸ்டின்பட்டி. இரண்டும் நோயைப் பார்த்து ஊர் அஞ்சியதால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவை. அங்கே கனிவும் இருந்தது, ஒதுக்கலும் இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்தாலும் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று 1959இல் காட்டி, உலகம் முழுக்க சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. ஏழையின் குடிசையிலும் ஒழுங்கான சிகிச்சை நடக்கும் என்று நிரூபித்த தமிழ்நாட்டு ஆய்வு அது. வீட்டுவழி நோய்த்தணிப்பின் மூதாதையர் பட்டியலில் இதற்கும் இடம் தரலாம், யாரும் தருவதில்லை.

பிறகு எச்ஐவி. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தது. தொண்ணூறுகளில் லாரிப் பாதைகளை ஒட்டிய நாமக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் இளம்வயதுச் சாவுகள் தெரு தெருவாக வந்தன. ஆண்டிபட்டியில் தொழுநோய்க்கும் காசநோய்க்கும் வேலை செய்துவந்த ‘ஆரோக்கிய அகம்’ இந்த நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கும்வரை, இத்தகைய இல்லங்கள் செய்ததெல்லாம் பெயர் சொல்லப்படாத ஹாஸ்பிஸ் வேலைதான்: கழிச்சலைத் துடைப்பது, வாய்ப்புண்ணுக்குப் பஞ்சு வைப்பது, வீட்டார் வராத பிணத்தை அடக்கம் செய்வது. மருந்து வந்ததும் நோயாளிகள் எழுந்து நடந்து வீடு போனார்கள். புற்றுநோயாளிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

வெளியுலகமும் மார்ஃபின் என்ற பூட்டும்

நவீன ஹாஸ்பிஸின் தாய் சிசிலி சாண்டர்ஸ் (1918-2005). செவிலியாக, சமூகப் பணியாளராக இருந்து, பின்னர் மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி உடம்போடு நிற்பதில்லை, கடனும் குடும்பமும் கடவுளும் அதற்குள் இருக்கின்றன என்று அவர் வகுத்தது இன்றும் பாடம். வலி வரும்வரை காத்திராமல், வருவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுக்கவேண்டும் என்பதும் அவர் நிலைநாட்டியதே. கொல்கத்தாவில் அன்னை தெரசா 1952இல் காளிகாட்டில் தொடங்கிய நிர்மல் ஹிருதய் காலத்தால் முந்தியது. தெருவில் சாகவிருந்தவருக்கு அது கூரை தந்தது, வலிக்கான மருத்துவத்தை அது முதன்மையாகக் கொள்ளவில்லை என்ற விமர்சனமும் உண்டு. இந்தியாவின் முதல் முறையான ஹாஸ்பிஸ், டாக்டர் எல்.ஜே. டி சோசா 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேதனா சதன்.

அதே 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான மூன்று படி முறையை வெளியிட்டது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் வகை, அடுத்துக் கோடீன் வகை, கடும் வலிக்கு மார்ஃபின். மலிவான மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாக. சட்டத்துக்கு உட்பட்டு அபின் விளைவிக்கும் சில நாடுகளில் இந்தியா ஒன்று. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகளே அதைக் காய்ச்சி எடுக்கின்றன. இருந்தும் மாத்திரை மதுரைக்கு வந்துசேரவில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரரைக் குறிவைத்து எழுதப்பட்டது. மருந்தாளுநரின் கணக்கில் பிழை வந்தாலும் பத்தாண்டுச் சிறை என்ற பயம் பரவியது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ள நான்கைந்து உரிமங்கள், வெவ்வேறு அலுவலகங்களில், ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதி. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்து, 1997இல் 18 கிலோவில் வந்து நின்றது. இவ்வளவு பெரிய தேசம் முழுமைக்கும் 18 கிலோ. அந்த ஆண்டுகளில் படித்து வெளிவந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பணிக்காலத்தைத் தொடங்கினார்கள்.

பூட்டைத் திறந்தவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், படுக்கைகளைக் கூட்டுவதற்குப் பதில் தெருக்களைக் கூட்டியது. ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி, உண்டியலில் சில்லறை, வாரந்தோறும் வீடு வீடாகச் செவிலியர். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்து, பஞ்சாயத்துகளை இந்த வேலைக்குள் கொண்டுவந்தது. ராஜகோபாலும் அவருடைய ‘பாலியம் இந்தியா’வும் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் விடாமல் போராடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ எனப் பட்டியலிடப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒரே அனுமதி போதும் என்றானது. மதுரையில் இந்தப் பணி 2010களில் வேர்பிடித்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில்

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, குணமாக்கும் சிகிச்சையில் மாநிலத்துக்கு வழிகாட்டியது. கைவிடப்பட்டவர்களுக்கென 1990இல் டாக்டர் மஞ்சுளா கிருஷ்ணசாமி சென்னையில் ‘ஜீவோதயா’வைத் தொடங்கினார். 1998இல் தீபா முத்தையாவின் டீன் அறக்கட்டளை வந்தது. குழந்தைகளுக்கான நோய்த்தணிப்பை எழும்பூர் அரசு மருத்துவமனைக்குள் கொண்டுபோனது அது.

மதுரைக்குப் பக்கத்தில் நடந்த பெரிய காரியம் ஹாஸ்பிஸ் அல்ல, தடுப்பு. 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் பகுதியில், ஒட்டன்சத்திரம் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையின் அம்பிளிக்கை மையம், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பெரியதொரு பரிசோதனையை நடத்தியது. கிராமத்துச் செவிலியர்கள் வெறும் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பைவாய்ப் புற்றின் முன்னறிகுறிகளைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: பரிசோதித்த ஊர்களில் இந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. ஹாஸ்பிஸின் வாசலுக்கு வரவேண்டியிருந்த பெண்களில் ஒரு பகுதியை வழியிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய வேலை என்று இதைச் சொல்லலாம்.

மதுரை மையம்

நகரில் பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையமும் தனியார் மருத்துவமனைகளும் கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கின்றன. அதற்கு அப்பால் போனவர்களுக்காக, 2010களில் டாக்டர் ஆர். பாலகுருசாமியும் அவரோடு சேர்ந்த சில மருத்துவர்களும் ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் வழியாக ‘நேத்ராவதி’ வலி நிவாரண மையத்தைக் கட்டியெழுப்பினார்கள். தங்கும் இடம், உணவு, மருந்து, செவிலியர் கவனிப்பு எதற்கும் கட்டணமில்லை. பொதுமக்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. மதுரைக்கு ஒரு ஹாஸ்பிஸ் உண்டு என்று தென்மாவட்ட மருத்துவர்கள் நோயாளியின் வீட்டாரிடம் சொல்ல முடிவது இதனால்தான்.

இத்தகைய மையத்தில் நடக்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால், அதில் கருவிகள் குறைவு என்பதுதான் முதலில் தெரியும். வாய்ப்புற்றுப் புண்ணை எடுத்துக்கொள்வோம். உப்புநீரில் கழுவுகிறார்கள். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை ஓரத்தில் வைக்க, அவை வெளியே வருகின்றன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். பிறகு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவுகிறார்கள். சில நாள்களில் வாடை அடங்கிவிடும். சில ரூபாய் மாத்திரைதான். அதன் பிறகு பேரப்பிள்ளை கட்டிலின்மேல் ஏறி உட்காருகிறது. மாட்டுக்கொட்டிலுக்குப் போன கட்டிலைத் திரும்பத் திண்ணைக்குக் கொண்டுவரும் சக்தி அந்தப் பொடிக்கு இருக்கிறது.

படுக்கைப் புண்ணுக்குத் தண்ணீர் மெத்தையும் காற்று மெத்தையும் உதவும். அதைவிட முக்கியம் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் கை. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்கியாக வேண்டும். இதை மறந்தால் வலி போய் மலச்சிக்கல் கொல்லும். இரவில் ஒரு வேளைக்கு எழுப்பாமல் இருக்கப் படுக்கும்முன் இரட்டை அளவு கொடுப்பதுண்டு. வீட்டுக்குப் போகும் குழு, கட்டுத்துணி வாங்கக் காசில்லாத வீட்டில் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து, பிரஷர் குக்கரில் அவித்துக் கொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. விசாரிப்பும் மருந்தின் ஒரு பகுதி. ‘அப்பத்தா, ராத்திரி தூங்குனீகளா?’ என்று செவிலிப் பெண் கேட்டால், ‘எங்கத்தா...’ என்று தொடங்கி மகன் வாங்கிய கடன்வரை வந்துவிடும். அந்தக் கடனுக்குச் செவிலியால் வழி சொல்ல முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்க முடியும். பல நேரம் வலி சட்டென்று குறைவது அப்போதுதான்.

மருந்தால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ‘அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று வராந்தாவில் மகன் கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளே போனால் அப்பா, ‘எனக்குத் தெரியும் தம்பி, பயகிட்ட சொல்லிடாதீங்க, ஒடஞ்சு போயிருவான்’ என்பார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எல்லாரும் ஒளித்துவைத்திருப்பது நம் குடும்பங்களின் தனிக்கலை. இதை அவிழ்க்க மேற்கத்தியப் பாடநூல் சொல்வதுபோல் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசுவது இங்கே அநேகமாக எடுபடாது. ‘நிலத்துப் பத்திரம் யார் பேர்ல இருக்குய்யா?’ என்று சுற்றி வளைத்து ஆரம்பிக்கிறார்கள் அனுபவசாலிகள்.

பணம் என்ற கேள்வி

அறமருத்துவத்தில் மதுரை உலகுக்கே பாடம் சொன்ன ஊர். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டும் நோயாளியின் வருமானத்தில் பணமில்லாதவருக்கும் அறுவை செய்யும் முறையை நிலைநாட்டியது. கண்புரை அறுவைக்கு நிமிடங்கள்தான் ஆகும், மறுநாள் கட்டு அவிழும், அடுத்தவர் வருவார். எண்ணிக்கை கூடக்கூடச் செலவு குறையும். அந்தக் கணக்கை ஹாஸ்பிஸுக்கும் போடலாமே என்று நன்கொடையாளர்கள் கேட்பதுண்டு. போட முடியாது. இங்கே ஒரு கட்டில் ஒரு வாரமும் நிறைந்திருக்கலாம், எட்டு மாதமும் நிறைந்திருக்கலாம். வேலையை வேகப்படுத்த வழியில்லை, வேகப்படுத்தவும் கூடாது. பணக்கார நோயாளி கடைசிவரை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணம் கட்டிக்கொண்டிருப்பார், இங்கே வருவதில்லை. ஆகவே பணக்காரக் கட்டில் ஏழைக் கட்டிலைத் தாங்குவதில்லை. முழுவதும் தர்மம், அல்லது அரசு.

தர்மத்திலும் ஒரு சாய்வு இருக்கிறது. பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறேன் என்று வருவோருக்குக் குறைவில்லை. சித்திரையில் தேதி கிடைப்பதே கஷ்டம் என்று இல்லங்கள் சொல்லும். ஆனால் பாதி நோயாளிகளுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சிதான் போகிறது. அவர்களுக்குத் தேவை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப்போடும் ஆளின் சம்பளம். ‘ஒரு செவிலியின் மாதச் சம்பளம், உபயம் இன்னார்’ என்று கல்வெட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. திருமுக்கூடலில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது இருந்தது.

நம்பிக்கையும் எளிதில் உடையும். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லத்தின் மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, நிர்வாகம் மறுத்தது, அதிகாரிகள் சோதனை நடத்தித் தங்கியிருந்தோரை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நோய்த்தணிப்பு மையத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தச் செய்திகளில் கலங்கிப்போனது. முன்னதில் கூரையும் சோறும். பின்னதில் மருத்துவர் பொறுப்பில் மருந்துப் பதிவேடு, சேர்க்கைக் குறிப்பு, இறப்புச் சான்று. நல்ல மையம் எது என்று ஒருவர் கேட்டால், மார்ஃபின் இருப்பேடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதே நேர்வழி.

அரசும் சட்டமும்

2010இல் ‘எகனாமிஸ்ட்’ ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் சாவின் தரத்தை அளந்தபோது இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. 2012இல் மத்திய அரசு தேசிய நோய்த்தணிப்புத் திட்டத்தை அறிவித்தது. மாவட்டங்களுக்கு அது மெதுவாகவே வந்தது. தமிழ்நாட்டில் வேகம் கூடியது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதால் இந்தத் திட்டம் பெயர் பெற்றது. வட்டாரத்துக்கொரு நோய்த்தணிப்புச் செவிலியும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்ப்பது அதன் இன்னொரு பாதி. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து உள்கிராமங்களுக்கு, எந்த அறக்கட்டளை வண்டியும் எட்டாத தூரத்துக்கு, இது போகிறது. என் மதிப்பீட்டில் மதுரைச் சமவெளியில் இந்தப் பணியின் எதிர்காலம் இன்னும் பத்துக் கட்டடங்களில் இல்லை, இந்த வண்டிகளில் இருக்கிறது. வண்டி கையாளமுடியாத வலிக்கும், வாடகை வீட்டு நோயாளிக்கும், யாருமற்றவருக்கும் நகரில் படுக்கைகள் இருந்தால் போதும். இப்போதைக்கு அந்தப் படுக்கைகளும் போதவில்லை.

சட்டமும் மெல்ல நெருங்கி வந்திருக்கிறது. குணமாகாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் கையொப்பம் உட்பட அதற்குப் போட்டிருந்த நிபந்தனைகள் நடைமுறைக்கு ஒத்துவராதவை. 2023 ஜனவரியில் அவற்றைத் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றது. இது கருணைக்கொலைக்கான அனுமதி அல்ல. ஊசி போட்டுக் கொல்வது இந்தியாவில் இன்றும் குற்றம். மதுரை வட்டாரத்தில் இப்படி எழுதிவைத்தவர்கள் அபூர்வம். பெரும்பாலும் நடப்பது பழைய வழிதான்: கையிருப்பு தீர்ந்ததும், ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, சொந்த விருப்பத்தின்பேரில் அழைத்துச் செல்கிறோம்’ என்ற தாளில் மூத்த மகன் கையெழுத்திடுகிறார், ஆம்புலன்ஸ் ஊருக்குக் கிளம்புகிறது. அந்தத் தாளோடு மார்ஃபின் சீட்டும் அந்த வட்டாரச் செவிலியின் தொலைபேசி எண்ணும் சேர்த்துக் கொடுக்கப்படுவது இன்னும் மருத்துவமனைக்கு மருத்துவமனை, மருத்துவருக்கு மருத்துவர் மாறுபடுகிறது.